எட்டுக் குமிழ்கள், ஓயாமல் மாறும் இசை: ஸ்டெப் சீக்வென்சருக்கு ஓர் அறிமுகம்

அனலாக் ஸ்டெப் சீக்வென்சரை முதலில் பார்க்கும் யாருக்கும் அது பெரிய கருவியாகத் தெரியாது. ஒரு வரிசையில் எட்டுக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. ஓடவிட்டால் விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போகும். எட்டாவது முடிந்ததும் மறுபடி முதலாவது. எந்த விளக்கு எரிகிறதோ, அந்தக் குமிழில் நீங்கள் திருகி வைத்த வோல்ட்டேஜ் வெளியே வரும். அவ்வளவுதான் அதன் வேலை.

இந்த எட்டுக் குமிழ்களை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் ஓடும் இசையைச் செய்திருக்கிறார்கள், கேட்பவருக்குச் சலிப்பதில்லை. எட்டு ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு நிமிடத்தில் அலுத்துவிட வேண்டுமே, அது எப்படி? பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுழற்சிகளை ஓடவிட வேண்டும். அவற்றின் நீளம் ஒன்றோடொன்று ஒத்துப்போகக் கூடாது. ஒவ்வொரு சுழற்சியும் தன்னளவில் அப்படியேதான் திரும்பி வரும். அவை சேரும் இடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நகர்வைத்தான் நம் காது மாற்றம் என்று கேட்கிறது. இதற்கு மேல் வரும் உத்திகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

சரி, அடிப்படையிலிருந்து போவோம்.

வோல்ட்டேஜ் என்ன செய்கிறது

சீக்வென்சர் பொதுவாக மாடுலர் சிந்தசைசரின் ஒரு பகுதி. தனித்தனிப் பெட்டிகளை (மாடுல்களை) இணைத்து மின்னணு ஒலி உண்டாக்கும் கருவி அது. அதில் ஒலியை உண்டாக்க ஒரு மாடுல், அதன் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொன்று, சத்தத்தைத் திறந்து மூட மூன்றாவது ஒன்று என்று எல்லாம் தனித்தனியாக இருக்கும். முறையே ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர். ஒரு மாடுல் இன்னொன்றைக் கட்டுப்படுத்துவது வோல்ட்டேஜால். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பேட்ச் கேபிள். எந்த மாடுலிலிருந்து எதற்குக் கேபிள் போகிறது என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். அந்த இணைப்புகளின் மொத்தத்தைத்தான் பேட்ச் என்கிறார்கள்.

ஆஸிலேட்டருக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜை 1 வோல்ட் கூட்டினால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் பயன்படுத்திய இந்தக் கணக்கைத்தான் யூரோராக் என்ற வடிவத்தில் வரும் இன்றைய மாடுல்களும் பின்பற்றுகின்றன. ஒரு ஸ்தாயியில் 12 செமிடோன். பியானோவில் வெள்ளை கறுப்பு என்று பார்க்காமல் அடுத்தடுத்த கட்டைக்கு நகர்ந்தால் எவ்வளவு ஏறுமோ, அது ஒரு செமிடோன். ஆகவே ஒரு செமிடோனுக்கு 1/12 வோல்ட், ஏறத்தாழ 0.083 வோல்ட்.

சீக்வென்சரை நகர்த்துவது க்ளாக். சீரான இடைவெளியில் துடிப்புகளை அனுப்பும் மாடுல் அது. ஒரு துடிப்பு வந்தால் சீக்வென்சர் ஒரு ஸ்டெப், அதாவது ஒரு குமிழ், முன்னால் போகும். அப்புறம் கேட் என்று ஒன்று உண்டு: "இப்போது வாசி" என்று சொல்லும் சிக்னல். கேட் வந்ததும், ஏறி இறங்கும் ஒரு வோல்ட்டேஜைத் தரும் என்வலப் என்ற மாடுல் கிளம்பி, ஆம்ப்ளிஃபயரைத் திறந்து மூடும். நமக்கு ஒரு ஸ்வரம் கேட்கும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்று. தன்னிடமிருந்து போகும் வோல்ட்டேஜ் எதற்கு என்று சீக்வென்சருக்குத் தெரியாது. ஆஸிலேட்டருக்கு அனுப்பினால் மெட்டு. ஃபில்டருக்கு அனுப்பினால் ஒலியின் பிரகாசம் ஏறி இறங்கும். என்வலப் இறங்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் டிகே உள்ளீட்டுக்கு அனுப்பினால் சில ஸ்வரங்கள் நறுக்கென்று முடியும், சில நீண்டு ஒலிக்கும். க்ளாக்குக்கே அனுப்பினால் வேகம் மாறும். சீக்வென்சர் என்றால் மெட்டுப் போடும் கருவி என்று மட்டும் எண்ணிக்கொண்டால் அதன் பாதியைக்கூட நாம் பயன்படுத்த மாட்டோம்.

குமிழைத் திருகுவதில் உள்ள சிக்கல்

புதிதாக வருபவர் முதலில் தடுமாறும் இடம் இது. ஒரு குமிழின் முழுத் திருப்பம் சுமார் 300 பாகை. அது 0 முதல் 5 வோல்ட் வரை தரும் என்றால், ஐந்து ஸ்தாயி, அதாவது 60 செமிடோன், அந்த 300 பாகைக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஒரு செமிடோனுக்கு 5 பாகைதான். கை கொஞ்சம் நடுங்கினாலும் ஸ்வரம் தப்பிவிடும். அதே குமிழின் வீச்சை 1 வோல்ட்டுக்குக் குறைத்துவிட்டால் ஒரு செமிடோனுக்கு 25 பாகை கிடைக்கும். நிதானமாகச் சுருதி சேர்க்கலாம். பழைய மூக் 960 சீக்வென்சரில் ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று நிலை வீச்சு சுவிட்ச் வைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். உங்கள் சீக்வென்சரில் அப்படி ஒரு சுவிட்ச் இல்லையென்றால், வெளியே ஓர் அட்டென்யுவேட்டர் வைத்து வோல்ட்டேஜைச் சுருக்கலாம்.

இன்னொரு வழி க்வாண்டைசர். உள்ளே வரும் வோல்ட்டேஜை, நீங்கள் அனுமதித்த ஸ்வரங்களில் மிக அருகில் உள்ளதற்கு அது இழுத்துக்கொள்ளும். 0, 3, 5, 7, 10 என்ற செமிடோன்களை மட்டும் அனுமதித்தால் ச, க, ம, ப, நி என்று சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள் கிடைக்கும். ராகம் கிடைக்காது, கமகம் இல்லாத வெறும் ஸ்வரத்தானங்கள் மட்டும்தான். ஆனால் தொடக்கத்துக்கு இந்த ஐந்தும் அருமையானவை. எந்தக் குமிழை எப்படித் திருகினாலும் காதை உறுத்தாது. கீழே வரும் எடுத்துக்காட்டுகளுக்கு இந்த ஐந்தையே வைத்துக்கொள்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

1960-களின் தொடக்கத்தில் மின்னணு இசை என்றால் டேப்பை வெட்டி ஒட்டும் வேலை. ஒவ்வொரு ஒலியையும் தனியாகப் பதிவு செய்து, பிளேடால் நறுக்கி, வரிசையாக ஒட்ட வேண்டும். சான்ஃபிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டரில் இருந்த இசையமைப்பாளர்கள் மார்ட்டன் சுபாட்னிக்கும் ராமோன் செண்டரும் இந்த உழைப்பிலிருந்து தப்பிக்க ஒரு கருவி வேண்டும் என்று கருவி வடிவமைப்பாளர் டான் புக்லாவிடம் போனார்கள். அவர் செய்து கொடுத்த மாடுலர் அமைப்பில் சீக்வென்சர் ஒரு முக்கிய உறுப்பு. டேப் துண்டுகளை வரிசைப்படுத்திய வேலையை வோல்ட்டேஜ் ஏற்றுக்கொண்டது. 1967-இல் நன்சச் என்ற இசைத்தட்டு நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் சுபாட்னிக் ஒரு முழு இசைத்தட்டுக்கான இசையை அந்தக் கருவியில் உருவாக்கினார்.

அமெரிக்காவின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்தில், மூக் தன் 960-ஐக் கொண்டுவந்தார். மூன்று வரிசை, வரிசைக்கு எட்டுக் குமிழ். இந்தியாவுக்கும் மூக் மாடுலர் சீக்கிரமே வந்துவிட்டது என்பதைப் பலர் அறியவில்லை. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவினார். அங்கே பணியாற்றிய இந்திய இசைக்கலைஞர்கள் செய்த பதிவுகள் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, அண்மையில்தான் வெளிவந்தன.

சீக்வென்சரை ஒரு பாணியாகவே வளர்த்தவர்கள் மேற்கு பெர்லினின் டேஞ்சரின் ட்ரீம் குழுவினர். அக்குழுவின் கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கேயைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். யூரோராக் வடிவம் 1995-இல் டீட்டர் டோப்ஃபரின் ஏ-100 அமைப்போடு தொடங்கியது. இன்று கடைகளில் கிடைக்கும் மாடுல்களில் பெரும்பகுதி அந்த அளவில்தான் வருகிறது.

முதல் பேட்ச்: எட்டும் ஐந்தும்

இரண்டு சீக்வென்சர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே க்ளாக். முதலாவது எட்டு ஸ்டெப். அதன் வோல்ட்டேஜ் க்வாண்டைசர் வழியாக ஆஸிலேட்டருக்குப் போகட்டும். இரண்டாவது ஐந்து ஸ்டெப்; அது ஃபில்டருக்கு. இரண்டாவதில் நான்கு குமிழ்களைத் தாழ்வாகவும் ஒன்றை மட்டும் உயர்வாகவும் வையுங்கள்.

ஓடவிட்டதும் என்ன கேட்கும்? மெட்டு மாறவே இல்லை. ஆனால் ஐந்து துடிப்புக்கு ஒருமுறை ஒரு ஸ்வரம் மட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கும். முதல் சுற்றில் அது முதலாவது, ஆறாவது ஸ்வரங்களின் மேல் விழுந்தால், இரண்டாவது சுற்றில் மூன்றாவதிலும் எட்டாவதிலும் விழும். மூன்றாவது சுற்றில் ஐந்தாவதில் மட்டும். நான்காவதில் இரண்டிலும் ஏழிலும். ஐந்தாவதில் நான்கில் மட்டும். ஆறாவது சுற்றில்தான் பழைய இடத்துக்குத் திரும்பி வரும். 8 × 5 = 40 துடிப்பு.

ஆதி தாளத்தில் ஐந்து ஐந்தாகச் சொற்கட்டு வாசிக்கும் மிருதங்கக்காரர் ஐந்து ஆவர்த்தனம் கழித்துச் சமத்தில் வந்து சேர்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே கணக்குதான் இதுவும்.

ஐந்து ஸ்டெப் மட்டும் உள்ள சீக்வென்சருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். சில அனலாக் சீக்வென்சர்களில் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனி கேட் வெளியீடு இருக்கும். கூடவே ரீசெட் என்ற உள்ளீடும் இருக்கும். ஆறாவது ஸ்டெப்பின் கேட்டை ஒரு கேபிளால் ரீசெட்டில் செருகுங்கள். சீக்வென்சர் ஆறாவதைத் தொட்ட கணமே முதலாவதற்குத் தாவிவிடும். ஆறாவதில் அது நிற்கும் நேரம் காதுக்கு எட்டாது. ரீசெட் வந்தாலும் அடுத்த துடிப்பு வரும்வரை காத்திருக்கும் வகைச் சீக்வென்சர்களும் உண்டு; அவற்றில் ஐந்தாவது ஸ்டெப்பின் கேட்டையே எடுக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்பதை ஒருமுறை செருகிப் பார்த்து, எரியும் விளக்குகளை எண்ணினாலே தெரிந்துவிடும்.

நீளங்களைத் தேர்வதில் ஒரு சின்னப் பள்ளிக்கூடக் கணக்கு உதவும்: மீச்சிறு பொது மடங்கு. எட்டுக்கு நான்கைத் துணையாக வைத்தால் ஒன்றும் நடக்காது. எட்டு துடிப்பில் எல்லாம் திரும்பிவிடும். எட்டும் ஆறும் 24-இல் சேரும். எட்டும் ஏழும் 56-இல். எட்டு, ஏழு, ஐந்து என்று மூன்றை வைத்தால் 280. க்ளாக் நொடிக்கு நான்கு துடிப்பு என்று வைத்துக்கொண்டால் 280 துடிப்புக்கு 70 நொடி. 16, 15, 7 என்று வைத்தால் 1680 துடிப்பு, சரியாக 7 நிமிடம். பொதுக் காரணி இல்லாத எண்களாகத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம்.

ஆனால் பெரிய எண்களைத் தேடி ஓட வேண்டாம் என்பது என் கருத்து. ஏழு நிமிடச் சுழற்சி காகிதத்தில் அழகாக இருக்கும். காதோ, ஒரு வடிவம் நகர்வதை உணர, அந்த வடிவத்தை முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டும். எட்டும் ஐந்தும் 10 நொடியில் சேர்ந்துவிடுகின்றன. கேட்பவரால் அதைப் பின்தொடர முடிகிறது. முதலில் அதில் பழகுங்கள்.

வோல்ட்டேஜைக் கூட்டினால் மெட்டே மாறும்

மேலே சொன்ன பேட்சில் மெட்டு அப்படியே இருந்தது. இப்போது இரண்டு சீக்வென்சர்களின் வோல்ட்டேஜையும் ஒரு மிக்ஸரில் கூட்டி, அந்தக் கூட்டலைக் க்வாண்டைசர் வழியாக ஆஸிலேட்டருக்கு அனுப்பிப் பார்ப்போம். என்னைப் பொறுத்தவரை ஸ்டெப் சீக்வென்சரில் மனம் பறிகொடுக்கும் இடம் இதுதான். எனவே எண்களோடு பொறுமையாகப் போகலாம்.

முதல் சீக்வென்சரில் எட்டு ஸ்டெப். செமிடோன் கணக்கில்: 0, 3, 7, 0, 10, 7, 3, 12. இரண்டாவதில் மூன்றே ஸ்டெப்: 0, 0, 5. அதாவது மூன்று துடிப்புக்கு ஒருமுறை ஐந்து செமிடோன் கூடும்.

முதல் சுற்றில் மூன்றாவது, ஆறாவது ஸ்டெப்புகளில் 5 கூடுகிறது. கிடைப்பது: 0, 3, 12, 0, 10, 12, 3, 12. இரண்டு இடங்களில் பஞ்சமம் மேல் ஸட்ஜமாகிவிட்டது.

இரண்டாவது சுற்றில் முதலாவது, நான்காவது, ஏழாவது: 5, 3, 7, 5, 10, 7, 8, 12. தொடக்க ஸ்வரமே மத்யமத்துக்கு ஏறிவிட்டதால், மெட்டு வேறு எங்கிருந்தோ கிளம்புவதுபோல் கேட்கும். 8 என்பது நாம் அனுமதித்த ஐந்தில் இல்லை. க்வாண்டைசர் அதை அருகில் உள்ள 7-க்கு இழுத்துவிடும்.

மூன்றாவது சுற்றில் இரண்டாவது, ஐந்தாவது, எட்டாவது: 0, 8, 7, 0, 15, 7, 3, 17. இங்கேயும் 8 என்பது 7 ஆகும். 15 மேல் ஸ்தாயி காந்தாரம், 17 மேல் ஸ்தாயி மத்யமம். மூன்று சுற்றில் மிக உயரமான ஸ்வரம் கடைசித் துடிப்பில் வருகிறது. உடனே 0-க்கு இறங்கி முதலிலிருந்து தொடங்குகிறது. யாரும் திட்டமிட்டு எழுதாமலே 24 ஸ்வரத்துக்கு ஓர் ஏற்றமும் முடிவும் அமைந்துவிட்டன. பதினொரு குமிழ்களில் இது நடக்கிறது.

இனி ஒரே ஒரு குமிழைத் தொடுங்கள். இரண்டாவது சீக்வென்சரின் 5-ஐ 7 ஆக்கினால் 24-இல் எட்டு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் மாறும். முதலாவதில் ஒரு குமிழைத் திருகினால் மூன்று ஸ்வரங்கள் மாறும். எந்தக் குமிழுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பது கொஞ்ச நேரத்தில் விரல்களுக்குப் பிடிபட்டுவிடும்.

கூட்டும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. சாதாரண மிக்ஸரில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் அளவுக் குமிழ் இருக்கும். அது முழுமையாகத் திறந்திருக்காவிட்டால் 1 வோல்ட் 0.93 ஆகச் சுருங்கி, சுருதி கெடும். க்வாண்டைசரைக் கூட்டலுக்குப் பின்னால் வைத்தால் சின்னப் பிழைகளை அது சரிசெய்துகொள்ளும். முன்னால் வைத்தால், கூட்டுவதற்கு அளவு மாறாத துல்லியமான ஆடர் மாடுல் வேண்டும்.

க்வாண்டைசரின் இடம் இசையையும் மாற்றும். கூட்டிய பிறகு க்வாண்டைஸ் செய்தால், மெட்டு ஏறினாலும் அதே ஐந்து ஸ்வரங்களுக்குள்ளேயே நிற்கும். இடைவெளிகள் வளைந்து கொடுக்கும். க்வாண்டைஸ் செய்த பிறகு, ஒரு சுற்று முழுவதும் மாறாத வோல்ட்டேஜைக் கூட்டினால் மெட்டின் உருவம் துளியும் மாறாமல் மொத்தமாக வேறு சுருதிக்குப் போகும். முதலாவது மென்மையான மாற்றம், இரண்டாவது இடம் பெயர்வு. இரண்டையும் கேட்டுப் பாருங்கள், வேறுபாடு உடனே புரியும்.

மெதுவாக நகரும் அடுக்கு

இதுவரை எல்லாம் ஒரே க்ளாக்கின் வேகத்தில் ஓடின. க்ளாக் டிவைடர் என்ற மாடுல் துடிப்புகளை எண்ணி, 2-க்கு ஒன்று, 8-க்கு ஒன்று, 64-க்கு ஒன்று என்று கொடுக்கும். 64-க்கு ஒன்றை எடுத்து நான்கு ஸ்டெப் உள்ள இன்னொரு சீக்வென்சரை நகர்த்துங்கள். அதன் வோல்ட்டேஜைக் க்வாண்டைசருக்குப் பின்னால் கூட்டுங்கள். நொடிக்கு நான்கு துடிப்பு என்றால் 16 நொடிக்கு ஒருமுறை மொத்த இசையும் ஒரு படி இடம் மாறும். நான்கு படிகளுக்கு ஒரு நிமிடம் நான்கு நொடி. அருகில் நடப்பவை வேகமாக, தூரத்தில் நடப்பவை மெதுவாக என்று இசைக்கு ஓர் ஆழம் வந்துவிடும்.

க்ளாக்கோடு சேராத ஒன்றையும் மெதுவான அடுக்கில் வைக்கலாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் எல்எஃப்ஓ (காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக அசையும் ஆஸிலேட்டர்) ஒன்றை எடுத்து, ஃபில்டரையோ என்வலப்பின் நீளத்தையோ கொஞ்சமாக அசைக்கச் சொல்லுங்கள். அது எந்தத் துடிப்போடும் ஒட்டாது என்பதால், மேலே கணக்கிட்ட சுழற்சி திரும்பி வரும்போதும் ஒலியின் நிறம் வேறாக இருக்கும்.

சற்றே வேறுபட்ட வேகத்தில் ஓடும் இரண்டு க்ளாக்குகளும் இதே வகை. ஒன்று நொடிக்கு 4 துடிப்பு, மற்றது 4.05 என்றால், 20 நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் இரண்டாவது முன்னே போகும். ஒரே மெட்டை இரண்டிலும் வைத்தால் முதலில் எதிரொலிபோல் கேட்டு, பிறகு புதிய தாளமாக மாறி, மறுபடி ஒன்று சேரும்.

சீக்வென்சர் தன்னைத் தானே திருப்பும்போது

ஒரு வரிசையின் வோல்ட்டேஜைக் க்ளாக்கின் வேக உள்ளீட்டுக்கு அனுப்பினால், சில ஸ்டெப்புகள் நீளும், சில குறுகும். மூக் 960-இல் மூன்றாவது வரிசையை இதற்கென்றே திருப்பிவிட ஒரு சுவிட்ச் உண்டு. கொஞ்சமாகக் கொடுத்தால் தாளம் லேசாக ஆடும்; அதிகம் கொடுத்தால் தாளமே நொண்டும். மெட்டின் வரிசையிலிருந்தே வேகத்தை எடுத்தால் எப்போதும் ஒரே ஸ்வரம்தான் நீளும். வேகத்தை ஐந்து ஸ்டெப் சீக்வென்சரிலிருந்து எடுங்கள். நீளும் இடம் எட்டு ஸ்வரங்களின் மேலும் மாறி மாறி உலாவும்.

இன்னும் நுட்பமான வழிக்குக் கம்பரேட்டர் வேண்டும். வோல்ட்டேஜ் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கேட் தரும் எளிய மாடுல் அது. மேலே கூட்டிய 24 ஸ்வர மெட்டை எடுத்து, அளவை 0.95 வோல்ட்டில் வையுங்கள். 12 செமிடோனும் அதற்கு மேலும் வந்தால் மட்டும் கேட் வரும். எண்ணிப் பாருங்கள்: முதல் சுற்றில் மூன்று, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. மொத்தம் ஆறு. அந்த ஆறு கேட்டுகளும் ஐந்து ஸ்டெப் உள்ள ஒரு மூன்றாவது சீக்வென்சரை நகர்த்தட்டும். அது இன்னொரு ஆஸிலேட்டரைக் கீழ் ஸ்தாயியில் வாசிக்கட்டும். மெட்டு உயரத்துக்குப் போகும்போது மட்டும் அடிக்குரல் நகரும். மெட்டின் 24 துடிப்பும் அடிக்குரலின் ஐந்து ஸ்டெப்பும் 120 துடிப்பில்தான் மறுபடி சந்திக்கும். இப்போது முதல் சீக்வென்சரில் ஒரு குமிழைத் திருகினால் மெட்டு மட்டுமல்ல, அடிக்குரலின் தாளமும் மாறும். ஒரு குரல் இன்னொன்றைக் கேட்டு நடப்பதுபோல் இருக்கும் இந்த உறவு, வெறும் பேட்ச் கேபிளில் கிடைப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

960-இல் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் தனியாக ட்ரிகர், அதாவது தூண்டும் சிக்னலுக்கான உள்ளீடும் வெளியீடும் உண்டு. ஒவ்வொரு ஸ்டெப்பையும் தாண்டிப் போகவோ அங்கேயே நிற்கவோ சொல்லும் சுவிட்சும் உண்டு. ஓடும்போதே ஒரு ஸ்டெப்பைத் தாண்ட வைத்தால் எட்டு ஏழாகிவிடும். மற்ற சீக்வென்சர்களோடு அதன் கணக்கு முழுவதும் மாறிவிடும். எந்த ஸ்டெப்பில் நிற்க வேண்டும் என்பதையே வோல்ட்டேஜால் சொல்லும் சீக்வென்சர்களும் உள்ளன. அங்கே ஒரு முக்கோண அலை எல்எஃப்ஓவைக் கொடுத்தால் விளக்கு முன்னும் பின்னுமாக ஓடும். இன்னொரு சீக்வென்சரைக் கொடுத்தால் எட்டு ஸ்வரங்களை அது தன் வரிசையில் பொறுக்கி எடுக்கும்.

தற்செயல் எவ்வளவு வேண்டும்

மாறும் இசை என்றதும் பலர் நேராக ரேண்டம் மாடுல்களுக்குப் போய்விடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். எல்லா ஸ்வரமும் தற்செயலாக வந்தால், எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் மாற்றமும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அது எட்டு ஸ்வரச் சுழற்சியைவிடச் சலிப்பாகிவிடும்.

வரும் வோல்ட்டேஜை ஒரு கணம் அளந்து அப்படியே பிடித்து வைக்கும் சாம்பிள் அண்ட் ஹோல்ட் மாடுலுக்கு, தற்செயலாக மாறும் நாய்ஸ் (இரைச்சல்) கொடுத்து, 64 துடிப்புக்கு ஒருமுறை மட்டும் புதிய வோல்ட்டேஜை எடுக்கச் சொல்லி, அதை அட்டென்யுவேட்டரில் நன்றாகக் குறைத்து ஃபில்டருக்கோ இரண்டாவது சீக்வென்சரின் அளவுக்கோ கொடுத்தால் போதும். டாம் விட்வெல் 2012-இல் வடிவமைத்த ட்யூரிங் மெஷின் என்ற மாடுல் இந்தச் சமநிலையை அழகாகப் பிடித்திருக்கிறது. தற்செயலாக ஒரு வடிவத்தை உருவாக்கி, அதைப் பூட்டிச் சுழலவிட்டு, பூட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் எப்போதாவது ஓர் இடத்தை மட்டும் மாற்றும். அதில் உள்ள பெரிய குமிழ் ஒன்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கையும் சேர வேண்டும்

பேட்சை ஓடவிட்டு எழுந்து போகலாம். ஆனால் அனலாக் சீக்வென்சரில் எல்லாக் குமிழும் கண் முன்னே விரிந்திருப்பதே கை வைப்பதற்காகத்தான். ஃப்ராங்கே மூக் சீக்வென்சரை வாத்தியமாகவே வாசித்தார். 1974-இல் வெளிவந்த டேஞ்சரின் ட்ரீம் ஆல்பத்தில் சீக்வென்சர் மெட்டு சிறிது சிறிதாக மாறிக்கொண்டே போவதைத் தெளிவாகக் கேட்கலாம். வெப்பநிலைக்கு ஏற்ப மூக்கின் சுருதி விலகியதும் அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஓடும் மெட்டைக் கீபோர்டிலிருந்து இன்னொரு வோல்ட்டேஜ் கூட்டி இடம் மாற்றுவது அந்தப் பெர்லின் பாணியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மேலே நாம் டிவைடரால் செய்ததை அவர்கள் விரலால் செய்தார்கள்.

கை வைக்கும்போது நிதானம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குமிழ். திருகியதும் அந்தச் சுழற்சி முழுதாக ஒருமுறை வரும்வரை காத்திருந்து கேளுங்கள். பிடித்திருந்தால் அடுத்ததற்குப் போங்கள். அந்த ஸ்டெப் வாசித்துக்கொண்டிருக்கும்போது திருகினால் ஸ்வரம் வழுக்குவது கேட்கும். அது வேண்டாமென்றால் விளக்கு தாண்டிப் போன பிறகு திருகுங்கள். வழுக்கலும் சில இடங்களில் அழகுதான்.

எதில் தொடங்குவது

இதற்கெல்லாம் பணம் போட்டு மாடுல் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. விசிவி ராக் என்ற மென்பொருளைக் கணினியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதோடு வரும் அடிப்படை மாடுல்களில் சீக்-3 என்ற சீக்வென்சர் உள்ளது: 960-ஐப் போலவே மூன்று வரிசை, எட்டு ஸ்டெப். எத்தனை ஸ்டெப் என்பதை ஒரு குமிழிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதால் ரீசெட் கேபிள்கூடத் தேவையில்லை. ஒன்றை எட்டிலும் இன்னொன்றை ஐந்திலும் வைத்து, இரண்டையும் ஒரே க்ளாக்கில் இணையுங்கள். குமிழ்களின் வீச்சு மிக அகலமானது என்பதால் அட்டென்யுவேட்டரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். க்வாண்டைசரும் அங்கேயே இருக்கிறது. அதன் கட்டைகளில் ஐந்தை மட்டும் ஏற்றிவைத்தால் போதும்.

கருவியாகவே வேண்டும் என்றால், இரண்டு வரிசைக்கு எட்டுக் குமிழ் வீதம் உள்ள கோர்க் எஸ்கியூ-1 போன்ற சிறிய சீக்வென்சரில் தொடங்கலாம். வாங்குமுன் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வெளியிலிருந்து க்ளாக் கொடுக்க வழி இருக்கிறதா, சுழற்சியின் நீளத்தைக் குறைக்க வழி இருக்கிறதா. இவை இல்லாத சீக்வென்சரில் நாம் பேசியது எதுவும் நடக்காது. ஸ்டெப்புகளின் எண்ணிக்கை 16-ஆ 32-ஆ என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

இன்னொன்று. அனலாக் பேட்சைச் சேமித்து வைக்க முடியாது. கேபிளைக் கழற்றி, குமிழைத் திருகிவிட்டால் அது போனதுதான். புகைப்படம் எடுத்து வைத்தாலும் அதே இசை அச்சுப் பிசகாமல் திரும்பாது. ஆகவே கேபிள் செருகத் தொடங்கும்போதே ரெக்கார்டரையும் ஓடவிட்டுவிடுங்கள்.